காற்றாலை தலைகீழாகச் சுற்றுமா?

கன்னியாகுமரிக் கடற்கரையில் சங்கு மாலை, பாக்கெட்டில் அடைத்த கலர் மணல், பைனாகுலர் என்று மூன்று சாமான்கள் உண்டு. இதில் ஒன்றையாவது வாங்கிக் கொடுக்காமல் எந்தப் பிள்ளையையும் வண்டியில் ஏற்ற முடியாது. போன கோடை விடுமுறைக்கு மதுரையிலிருந்து தங்கையின் மகன் வந்திருந்தான். மூன்றாம் வகுப்பு. அவன் கை நேராகப் பைனாகுலருக்குத்தான் போனது. 150 ரூபாய் சொன்னதைப் பேரம் பேசி 120-க்கு வாங்கினேன். எங்கள் ஊரான தோவாளைக்கு வந்து சேர்வதற்குள் அதன் ஒரு கண் கழன்றுவிட்டது. மறுநாள் காலை இன்னொரு கண்ணும் போனது.

அழுது ஓய்ந்த பிறகு மருமகனும் என் மகளும் சேர்ந்து அதை முழுசாகப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். அவள் ஏழாம் வகுப்பு. பிரிக்கிற வேலை என்றால் முதல் ஆள். உள்ளே ஒரு பக்கத்துக்கு இரண்டு பிளாஸ்டிக் வில்லைகள். முன்னால் இருப்பது நடுவில் தடித்தது, கண் பக்கம் இருப்பது நடுவில் குழிந்தது. வேறு ஒன்றுமே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. 1609-இல் கலிலியோ தனக்காகச் செய்துகொண்ட குழலிலும் இதே ஏற்பாடுதான்: முன்னால் குவிவில்லை, பின்னால் குழிவில்லை. அதைச் சொன்னதும் மருமகன் கேட்டான்: "அப்ப அவரும் கன்னியாகுமரியிலதான் வாங்கினாரா மாமா?"

இல்லை, அவரும் கேள்விப்பட்டுத்தான் செய்தார். அதற்கு முந்தின வருஷம், 1608-இல், ஹாலந்தில் மிடில்பர்க் என்ற ஊரில் மூக்குக்கண்ணாடி செய்து விற்றுக்கொண்டிருந்த ஹான்ஸ் லிப்பர்ஷே என்பவர், தூரத்துப் பொருளைக் கிட்டே காட்டும் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டார். கிடைக்கவில்லை. வேறு ஆட்களும் நாங்களும் செய்தோம் என்று வந்து நின்றுவிட்டார்கள்; பார்த்துப் பார்த்து எவரும் செய்துவிடக்கூடிய சாமான் என்பதும் ஒரு காரணம். "எவரும் செஞ்சிடலாம்னா நாமளும் செய்யலாமே" என்றாள் மகள். செய்யலாம் என்று நானும் வாயைக் கொடுத்துவிட்டேன். அடுத்த பத்து நாள் வீட்டில் வேறு வேலை நடக்கவில்லை.

மிடில்பர்க் கதையை நம்பி நாகர்கோவிலில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனேன். "பிளஸ் ஒண்ணு பவர்ல ஒரு லென்ஸ் வேணும், சிலிண்டர் எதுவும் வேண்டாம்" என்றேன். (சிலிண்டர் என்பது பார்வைச் சிதறலுக்காகச் சேர்க்கிற பவர்.) சீட்டு எங்கே என்றார் கடைக்காரர். சீட்டு இல்லை. ஃப்ரேம்? அதுவும் இல்லை. ஒற்றை லென்ஸ் மட்டும், அதுவும் ஃப்ரேமுக்காக வெட்டாத முழு வட்டமாக வேண்டும் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். மனிதர் முகம் மாறிவிட்டது. சின்ன வயதில் அவரும் முயன்று பார்த்தாராம், சரிவரவில்லையாம். அலமாரியிலிருந்து காகித உறைக்குள் இருந்த ஒன்றை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். ஆறரை சென்டிமீட்டர் அகலம்.

ஏன் பிளஸ் ஒன்று என்றால், கண்ணாடிக் கடைப் பவர் என்பது குவியத்தூரத்தின், அதாவது தூரத்துப் பொருளின் படம் லென்ஸிலிருந்து எவ்வளவு தள்ளி விழுகிறது என்பதன், தலைகீழ்க் கணக்கு. 100 சென்டிமீட்டரைப் பவரால் வகுத்தால் குவியத்தூரம் வரும். பிளஸ் ஒன்றுக்கு 100 சென்டிமீட்டர், பிளஸ் இரண்டுக்கு 50. கண் பக்கத்துக்கு மணிமேடை அருகே ஒரு வாட்ச் ரிப்பேர் கடையில், அவர்கள் கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்க்கிற கறுப்பு லென்ஸ் ஒன்று வாங்கினேன். அதில் '5 மடங்கு' என்று குறி போட்டிருந்தது. அதற்குக் குவியத்தூரம் ஐந்து சென்டிமீட்டர். முன் லென்ஸின் நூறைக் கண் லென்ஸின் ஐந்தால் வகுத்தால் இருபது. இருபது மடங்கு பெருக்கும் தொலைநோக்கி, காகிதத்தில் ரெடி.

காகிதத்தில் சொன்னால் பிள்ளைகள் நம்புவார்களா? வீட்டு முன்னறையில் ஜன்னலைத் தவிர மற்றதையெல்லாம் அடைத்துவிட்டு, ஜன்னலுக்கு எதிர்ச் சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி அந்தப் பெரிய லென்ஸைப் பிடிக்கச் சொன்னேன். மகள் முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே வந்தாள். திடீரென்று சுவரில் எங்கள் தென்னை. உள்ளங்கை அளவுகூட இல்லை, ஆனால் ஓலை ஓலையாகக் கலரில், காற்றில் ஆடிக்கொண்டு, அடி மேலே உச்சி கீழே என்று தொங்கியது. சின்னவன் ஓடிப்போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தான். டேப் வைத்து அளந்தோம்: சுவருக்கும் லென்ஸுக்கும் நடுவே ஒரு மீட்டர், ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடவோ குறையவோ.

உண்மையில் தொலைநோக்கி அங்கேயே முடிந்துவிட்டது. பெரிய லென்ஸ் காற்றில் ஒரு குட்டிப் படம் வரைகிறது. அந்தப் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துக் கிட்டே போய்ப் பார்க்கிறோம். குழாய் என்பது இரண்டையும் நேர்க்கோட்டில் பிடித்துக்கொள்ளவும் வெளிச்சத்தை மறைக்கவும் மட்டுமே.

மட்டுமே என்று எழுதிவிட்டேன். அந்தக் குழாய்தான் எங்களைப் படுத்தியது. முதலில் வீட்டில் கிடந்த வெள்ளை பிவிசி குழாயில் செய்தோம். பால் ஊற்றிய மாதிரி எல்லாம் வெளுப்பாகத் தெரிந்தது, உள்சுவரில் பட்ட வெளிச்சமெல்லாம் கண்ணுக்கு வந்ததால். பிறகு ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கிற கடையில் கேட்டால், ரோல் தீர்ந்த அட்டைக் குழாய்களைக் குவித்து வைத்திருக்கிறார்கள், எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்கள். மூன்று அங்குல உள்வட்டம், கல் மாதிரி உறுதி. அதற்குள் கறுப்புச் சார்ட் பேப்பரைச் சுருட்டி விட்டோம். லென்ஸின் மேடான பக்கம் வெளியே பார்க்க, இரண்டு அட்டை வளையங்களுக்கு நடுவில் உட்கார வைத்தோம். வாட்ச் லென்ஸை ஒரு சார்ட் பேப்பர் சுருளின் நுனியில் பொருத்தி, அந்தச் சுருள் பெரிய குழாய்க்குள் வழுக்கிக்கொண்டு போய்வரும்படி செய்தோம். சுருள் இளகிப்போனால் ஒரு சுற்று நாடா, இறுகிப்போனால் கொஞ்சம் முகப்பவுடர்.

இன்னொரு தப்பும் செய்தோம். இவ்வளவு பெரிய லென்ஸ் இருக்கிறதே என்று முழு அகலத்தையும் திறந்து வைத்துப் பார்த்தால், எல்லாப் பொருளுக்கும் ஊதா நிறத்தில் கரை கட்டியிருந்தது. ஒற்றை லென்ஸ் ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு தூரத்தில் குவிக்கும், அதனால் வருகிற வினை. முன்பக்கம் ஓர் அட்டையை ஒட்டி நடுவில் இரண்டரை சென்டிமீட்டருக்கு மட்டும் ஓட்டை போட்டதும் படம் இருட்டியது, ஆனால் கூர்மை வந்துவிட்டது. காசு கொடுத்து வாங்கிய லென்ஸில் முக்கால்வாசிக்கும் மேல் மறைப்பது என் மனைவிக்குப் பிடிக்கவே இல்லை. "அப்ப சின்ன லென்ஸாவே வாங்கியிருக்கலாமே?" வாங்கியிருக்கலாம்தான்.

ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு, வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி மொட்டை மாடியில் நின்று ஆரல்வாய்மொழிப் பக்கம் திருப்பினோம். எங்கள் ஊரில் தொலைநோக்கிக்கு இலக்கு தேடவே வேண்டாம். கணவாய்க்குள் பாய்ந்து வரும் காற்றுக்கு நட்டு வைத்த காற்றாலைகள் கண்ணுக்கெட்டிய மட்டும் வரிசையாக நிற்கின்றன. மகள் கண்ணை வைத்தாள், சுருளை இழுத்தாள், கத்தினாள். கம்பம் வானத்திலிருந்து தொங்க, கீழே இறக்கைகள் சுற்றிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் நான் பெரிய மேதை மாதிரி ஒன்று சொன்னேன். "எல்லாம் தலைகீழா தெரியுதுல்லா, பாரு, இறக்கையும் எதிர்த்திசையில சுத்தும்." மகள் வெறும் கண்ணால் ஒருமுறை பார்த்தாள், குழலில் ஒருமுறை பார்த்தாள். பிறகு அந்தக் காற்றாலை சுற்றுவது மாதிரி வலது கையைச் சுற்றிக்கொண்டே மறுபடி குழலில் பார்த்தாள். "இல்லப்பா. அதே பக்கந்தான் சுத்துது."

நான் நம்பவில்லை. பார்த்தேன். அதே பக்கம்தான்.

கீழே இறங்கி வந்து சுவர்க்கடிகாரத்தைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தோம். 12 கீழே போய்விட்டது. வினாடி முள் எப்போதும் போல வலஞ்சுழியாகவே ஓடியது. அதையே கண்ணாடியில் காட்டினால் இடஞ்சுழியாக ஓடுகிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பிள்ளைகளைவிட நான்தான் அதிக நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கண்ணாடி இரண்டு பக்கங்களில் ஒன்றைத்தான் மாற்றுகிறது. எங்கள் குழலோ மேல் கீழையும் மாற்றுகிறது, இடம் வலத்தையும் மாற்றுகிறது. இரண்டும் மாறினால் படத்தை அரைச்சுற்று திருப்பி வைத்த மாதிரிதான். சுற்றுகிற திசை பழையபடியே இருக்கும். வாங்கின தொலைநோக்கியாக இருந்திருந்தால் இதைப் பற்றி யோசித்தே இருக்க மாட்டேன். நாற்பத்திரண்டு வயதில், ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் தோற்று ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். அதில் வெட்கம் கொஞ்சம், சந்தோஷம் ரொம்ப.

லென்ஸ், குழாய் எல்லாம் சரி. இருபது மடங்கு பெருக்குகிற குழல் கை நடுக்கத்தையும் இருபது மடங்கு பெருக்கும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. கையில் பிடித்துக்கொண்டு நிலாவைப் பார்த்தால் நிலா கரகாட்டம் ஆடுகிறது. போதாததற்கு எங்கள் ஊர்க் காற்று. வைகாசி பிறந்தால் துணி காயப்போட நாலு கிளிப் வேண்டும். செங்கல்லை அடுக்கினோம், ஏணியில் கட்டினோம், ஒன்றும் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டா பழைய தச்சர். இரண்டு நாள் எங்கள் கூத்தை வேடிக்கை பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் மாடியேறி வந்தார். "ஒத்த எடத்துல தாங்கினா ஆடத்தாம்டே செய்யும். ரெண்டு எடத்துல தாங்கணும், பாரமாட்டு தாங்கணும்."

அவர் சொன்னபடி ஒரு தலையணை உறையில் மணலை நிரப்பிக் கைப்பிடிச் சுவர்மேல் போட்டு, குழலின் முன்பக்கத்தை அதில் புதைத்தோம். பின்பக்கத்துக்குப் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒன்றன்மேல் ஒன்றாக. நிலா மேலே இருந்தால் ஒரு நாற்காலியைக் குறை, கீழே இறங்கினால் ஒன்றைக் கூட்டு. குழலை நாற்காலியோடு சேர்த்துக் கட்ட வாழைநார். பூ கட்டுகிற ஊரில் அதற்கு என்ன பஞ்சம்? இதைவிட அசிங்கமான தொலைநோக்கித் தாங்கி உலகத்தில் இருக்காது. ஆனால் அசையவில்லை.

நிலா பார்க்கப் பௌர்ணமி வரை காத்திருக்கக் கூடாது. பௌர்ணமியில் சூரிய வெளிச்சம் நேராக விழுவதால் நிழலே இருக்காது, நிலா வெள்ளைத் தட்டாகத் தெரியும். நாங்கள் ஐந்தாம் நாள் பிறையைப் பிடித்தோம், இரவு எட்டு மணிக்கு. நம் அட்சரேகையில் வளர்பிறை கொம்பு இரண்டும் மேலே தூக்கி வள்ளம் மாதிரி மிதக்கும். குழலில் அது கவிழ்ந்து குடையாகிவிட்டது. வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற ஓரத்தில்தான் விஷயமே இருக்கிறது. அங்கே வெயில் சாய்வாக விழுவதால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் நிழல் விழுந்து குழிகுழியாகத் தெரியும். "ஆப்பம் மாமா!" என்றான் சின்னவன். அதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது. மாவு ஊற்றிச் சுற்றின ஆப்பத்தின் நடுவில் விழுகிற கண்கள், அப்படியே.

ஒருவர் பார்த்து முடித்து அடுத்தவர் வருவதற்குள் நிலா ஓடிவிடுவது பெரிய சண்டையாகிவிட்டது. நீதான் தட்டினாய், இல்லை நீதான். யாரும் தட்டவில்லை, பூமி சுற்றுகிறது. தன் அகலத்தைத் தானே கடக்க நிலாவுக்கு இரண்டு நிமிடம் போதும். மறுபடி பிடிக்கலாம் என்று குழலை நகர்த்தினால் அது எதிர்ப்பக்கம் ஓடும், படம்தான் திருப்பி இருக்கிறதே. சின்னவனுக்கு இது இரண்டே நாளில் பழகிவிட்டது. எனக்கு இன்னும் பழகவில்லை.

பாட்டாவும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "வடை சுடுக பாட்டி எங்கடே?" என்றார். அவர் கேட்ட பாட்டி பௌர்ணமிக்குத்தான் வருவாள், அதுவும் இந்தக் குழலில் தலைகீழாகத்தான் வடை சுடுவாள்.

வடக்கே துருவ நட்சத்திரத்தைக் காட்டு என்று மகள் கேட்டாள். நம் ஊரில் அது அடிவானத்திலிருந்து எட்டு டிகிரி உயரத்தில்தான் இருக்கும். எங்கள் வீட்டுக்கு வடக்கே மலை அதை முழுங்கிவிடுகிறது. அதற்கு ஈடாகத் தெற்கு நமக்கு. வைகாசி இரவில் கடல் பக்கம் தென் சிலுவை நிற்கும், தை மாசியில் அகத்திய நட்சத்திரம். டெல்லிக்காரர்கள் அகத்தியரை அடிவானத்தை ஒட்டித் தேட வேண்டும். நமக்கு அவர் தாராளமாக மேலே வந்து நிற்பார்.

அகத்தியர் என்றதும் ஞாபகம் வருகிறது. 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியில், அதற்கு முன்னால் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது இல்லையா. அந்தச் சமஸ்தானத்தில் சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில், 1837-இல், திருவனந்தபுரத்தில் வானாய்வுக்கூடம் வந்துவிட்டது. ஜான் கால்டிகாட் என்பவர் அதன் முதல் இயக்குநர். பின்னால் வந்த ஜான் ஆலன் புரூன் 1855-இல் அகத்தியர் மலை உச்சியிலேயே ஓர் ஆய்வுக்கூடம் கட்டி, காந்த ஊசியின் அசைவுகளை அளந்தார். மாடியில் நின்று வடமேற்கே மலைத்தொடரைக் காட்டி இதைச் சொன்னேன். "அங்க ஆனை இருக்காதா?" என்பதோடு அந்த வரலாற்று வகுப்பு முடிந்தது.

சூரியனைப் பற்றி வகுப்பே எடுக்கவில்லை. உச்சி வெயிலில் பெரிய லென்ஸைப் பிடித்து, ஒரு மீட்டர் தள்ளித் தரையில் விழும் வட்டத்தைக் காட்டினேன். சுண்டுவிரல் நகம் அளவுதான். அப்புறம் வாட்ச் லென்ஸை ஒரு சருகுக்கு மேல் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் புகை வந்தது, ஓட்டை விழுந்தது. "இந்தச் சருகு இருக்க எடத்துல உன் கண்ணு" என்று மட்டும் சொன்னேன். அதிலிருந்து பகலில் வாட்ச் லென்ஸ் பீரோவுக்குள், சாவி அவர்கள் அம்மாவிடம். பயமுறுத்திவிட்டேனோ என்று தோன்றியது. இந்த ஒரு விஷயத்தில் பயம் இருக்கட்டும்.

விடுமுறை முடிந்து மருமகன் ஊருக்குப் போனான். இடவப்பாதி மழை, அப்புறம் ஐப்பசி கார்த்திகை மழை. இரண்டு மழையும் வாங்குகிற மாவட்டத்தில் ஆறேழு மாதம் வானமே கிடைக்காது. தை பிறந்ததும்தான் மேகம் விலகியது. கிழக்கே பளிச்சென்று வியாழன். குழலில் அது சின்ன வெளிர்மஞ்சள் பொட்டாகத் தெரிந்தது, பக்கத்தில் ஒரே கோட்டில் மூன்று புள்ளிகள். கலிலியோவுக்கும் 1610 ஜனவரி 7 அன்று முதலில் மூன்றுதான் தெரிந்தன. நாலாவதை 13-ஆம் தேதிதான் பார்த்தார். மகள் பழைய அறிவியல் நோட்டில் ஒரு வட்டமும் மூன்று புள்ளியும் வரைந்து தேதி போட்டாள். மறுநாள் நாலு புள்ளி. அதற்கு மறுநாள் இரண்டு ஒரே பக்கம் ஒட்டிக்கொண்டு. பன்னிரண்டு இரவுகள் வரைந்தாள், ஒரு நாள் மட்டும் காய்ச்சல்.

பொங்கலுக்கு வந்த மருமகன் தனக்கு நேராகத் தெரிகிற குழல்தான் வேண்டும் என்றான். மதுரையில் கூட்டுக்காரர்கள் கேலி செய்கிறார்களாம். சரி என்று அதே கடைக்குப் போய் மைனஸ் பத்து பவரில் குழிவில்லை ஒன்று வாங்கி, இன்னொரு பிளஸ் ஒன்றோடு சேர்த்து, 90 சென்டிமீட்டர் குழாயில் கலிலியோ மாதிரியே செய்து கொடுத்தேன். பத்து மடங்கு. காற்றாலை நேராக நின்றது. ஆனால் உறிஞ்சு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி அத்தனை குறுகல். முழு நிலா ஒரே பார்வையில் அடங்கவில்லை. கலிலியோவின் குழலிலும் அடங்காது. அவனுக்கு அதெல்லாம் கவலையில்லை, பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுபோனான்.

மகளிடம் கேட்டேன், உன்னுடையதையும் நேராக்கிவிடலாமா, இரண்டு லென்ஸ் கூடுதலாகப் போட்டால் நிமிர்ந்துவிடும் என்று. வேண்டாம் என்றுவிட்டாள். நோட்டு முழுக்கத் தலைகீழாகவே வரைந்து வைத்திருக்கிறாளாம், நடுவில் மாற்றினால் எந்தப் புள்ளி எங்கே போச்சு என்று கணக்கு குழம்பிவிடுமாம்.